டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு எல்.எஸ். பெல்ட்: எதுவரை உதவும், எங்கே ஏமாற்றும்

இடுப்பு டிஸ்க் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் அன்றே பலர் கையில் ஒரு எல்.எஸ். பெல்ட், அதாவது கீழ்முதுகையும் இடுப்பையும் சுற்றிக் கட்டும் லம்போ-சாக்ரல் பெல்ட், வந்துவிடுகிறது. சில சர்ஜன்கள் எழுதித் தருவார்கள், சிலர் தேவையே இல்லை என்பார்கள். ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் சர்ஜிக்கல்ஸ் கடைக்காரருக்கு மட்டும் அந்தக் குழப்பம் கிடையாது. வாங்குவதில் பெரிய தப்பில்லை. நாலு மாதமோ ஒரு வருஷமோ கழித்து வலி திரும்பும்போது பீரோவிலிருந்து அதே பெல்ட்டை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பழைய வலிதான், ரெஸ்ட் எடுத்தா போயிடும்" என்று நாளைக் கடத்துகிறார்களே, அங்கேதான் சேதம் நடக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மைக்ரோடிஸ்கெக்டமி எனப்படும் சாதாரண டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்களுக்கு, எழுந்து நடமாடும் நேரத்துக்கு மட்டும், இது காசுக்கேற்ற பொருள். திரும்பி வந்த வலிக்கு இதை மருந்தாக வாங்குகிறீர்கள் என்றால் வாங்க வேண்டாம். ஸ்க்ரூ, ராடு வைத்து எலும்பை இணைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இந்த விமர்சனம் பொருந்தாது. அவர்களுக்கு எந்த பெல்ட், எத்தனை மாதம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது

டைனார், விஸ்கோ, ஃபிளமிங்கோ என்று நாலைந்து பிராண்டுகள் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. சாதாரண மாடல்கள் ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்து, நல்ல துணியும் கூடுதல் பட்டையும் சேரச் சேர ஆயிரத்து ஐந்நூறு வரை போகும். பிராண்டைவிட அமைப்புதான் முக்கியம். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்துப் பாருங்கள்.

முதுகுப் பக்கம் வரும் அகலமான பகுதிக்குள் உலோகத் தகடுகள் செங்குத்தாகச் செருகியிருக்கும். தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நாலு தகடுகள் இருப்பது வழக்கம். அவற்றைக் கையால் வளைத்தால் வளைய வேண்டும், விட்டால் அந்த வளைவிலேயே நிற்க வேண்டும். அலுமினியத் தகடு அப்படி நிற்கும். ஸ்பிரிங் போலத் திரும்ப நேராகிவிடும் பிளாஸ்டிக் பட்டிகள் உங்கள் இடுப்பின் வளைவோடு உட்காராது. நடுவில் இடைவெளி விட்டு மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மட்டும் குத்தும். பலர் பெல்ட் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுவதற்கு இதுதான் காரணம். அலுமினியத் தகடு இருந்தும் யாரும் வளைப்பதில்லை என்பது இன்னொரு பக்கம். தொழிற்சாலையிலிருந்து அவை ஏறக்குறைய நேராகவே வரும். வீட்டில் ஒருவரை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வைத்து, இடுப்புக் குழியின் ஆழத்துக்கேற்ப ஒவ்வொரு தகட்டையும் லேசாக வளைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் தையல் போட்ட இடத்துக்கு நேராகத் தகடு வரக் கூடாது. தழும்பு நடுவில் இருக்கும். தகடுகள் அதற்கு இரு பக்கமும் விலகி நிற்க வேண்டும்.

அடுத்து, இழுக்கும் பட்டைகள். ஒரே ஒரு ஒட்டும் பட்டையோடு வருபவை மலிவு. முதலில் பெரிய பட்டையை ஒட்டிவிட்டு, பிறகு பக்கவாட்டில் இருக்கும் இரண்டு எலாஸ்டிக் பட்டைகளை முன்னால் இழுத்து ஒட்டும் மாடல் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் அதையே வாங்குங்கள். உட்காரும்போது ஒருவிதமாகவும் நடக்கும்போது ஒருவிதமாகவும் இறுக்கத்தை மாற்ற இந்த இரண்டாவது பட்டைதான் உதவும். துணி காற்றோட்டமான வலைத்துணியாக இருக்கட்டும். தடித்த ஃபோம் போட்ட ரகம் கடையில் ஏசிக்குள் தொட்டுப் பார்க்க மெத்தென்று இருக்கும். மே மாதச் சென்னையில் ஒரு மணி நேரம் கட்டினால் வேர்க்குரு நிச்சயம்.

சைஸ் விஷயத்தில் பேன்ட் சைஸைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரு பிராண்டின் மீடியம் இன்னொன்றின் லார்ஜ். எங்கே அளக்க வேண்டும் என்று பெட்டியின் பின்புறம் படம் இருக்கும். சில கம்பெனிகள் தொப்புள் மட்டத்தில் அளக்கச் சொல்லும், சில இன்னும் கீழே. தையல் டேப்பை எடுத்து அந்த இடத்தில் நின்றபடி அளந்து, அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுங்கள். சின்னது வாங்கினால் ஒட்டும் பட்டையின் நுனி மட்டும் ஒட்டி, உட்கார்ந்ததும் டர்ரென்று பிரியும். உயரம் குறைவானவர்கள் பின்பகுதியின் உயரத்தையும் பார்க்க வேண்டும். உட்காரும்போது பெல்ட்டின் மேல் விளிம்பு விலா எலும்பில் இடித்து, கீழ் விளிம்பு தொடையில் இடித்தால் அந்த மாடல் உங்களுக்கு ஆகாது.

கட்டும் முறை

நின்றபடி கட்டினால் பெரும்பாலும் மேலே ஏறிவிடும். படுத்துக் கட்டுவதுதான் சரி. பெல்ட்டைக் கட்டிலில் விரித்துவிட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒருக்களித்துப் படுத்து, முட்டியை மடக்கியபடி உடம்பை ஒரே கட்டையாக உருட்டி மல்லாந்து அதன் மேல் வாருங்கள். பெல்ட்டின் கீழ் விளிம்பு பிட்டப் பிளவு தொடங்கும் இடம் வரை இறங்கியிருக்க வேண்டும். ஆபரேஷன் நடப்பது பெரும்பாலும் எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 மட்டத்தில், அதாவது கீழ்முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் (எல் என்பது இடுப்புப் பகுதி முதுகெலும்பு, எஸ் அதற்குக் கீழே உள்ள திருவெலும்பு). இரண்டுமே பலர் நினைப்பதைவிடக் கீழே இருக்கின்றன. கையை இடுப்பில் வைத்து, இரண்டு பக்க இடுப்பெலும்பின் உச்சியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு ஏறத்தாழ எல்4 மட்டத்தில் போகும். வயிற்றைச் சுற்றி உயரத்தில் கட்டிய பெல்ட் நோயுள்ள இடத்துக்கு மேலே வெறுமனே நிற்கிறது.

மூச்சை வெளியே விட்டுவிட்டு ஒட்டுங்கள். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வரும். குடலிறக்கம் உள்ளவர்களுக்கு அது இன்னும் மோசம். உள்ளே காட்டன் பனியன் அவசியம், நேராகத் தோலில் கட்டக் கூடாது. புடவை கட்டுபவர்கள் கொசுவத்துக்கு மேல் கட்டினால் துணி நழுவ நழுவ பெல்ட்டும் நழுவும். பனியன், அதன் மேல் பெல்ட், அதற்கு மேல் பாவாடை, புடவை என்று வரிசையை மாற்றுங்கள். கழிவறைக்குப் போகும்போது தொந்தரவுதான், வேறு வழியில்லை.

படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். தூக்கத்தில் பெல்ட் செய்யும் நல்லது ஒன்றுமில்லை, புரளும்போது தழும்பைத் தேய்ப்பதைத் தவிர.

அது உண்மையில் என்ன செய்கிறது

"டிஸ்க் மேல விழுற பாரத்தை பெல்ட் தாங்கிக்கும்" என்பது கடைப் பேச்சு. துணியும் நாலு தகடும் உடல் பாரத்தைத் தாங்காது. அது செய்வது இரண்டு வேலை. வயிற்றுப் பக்கம் ஒரு அணைப்புக் கொடுக்கிறது. குனிய முயலும்போது தடுத்து நினைவூட்டுகிறது. இரண்டாவதுதான் பெரிய பலன்.

குனிவது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், 1999-இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் எல்4-எல்5 டிஸ்க்குக்குள் சென்சார் வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. அதே எடையை முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது 1.1, நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. ஒரே ஒருவரின் அளவுதான் என்றாலும் செய்தி தெளிவு: எடையைவிட, அதை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம், எப்படி வளைகிறோம் என்பதில்தான் கணக்கு மாறுகிறது. கேஸ் சிலிண்டரை உருட்டி நகர்த்துவது, கிரைண்டரிலிருந்து எட்டி மாவு வழிப்பது, ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்ட் போடுவது, கட்டில் நடுவில் கிடக்கும் குழந்தையை எட்டித் தூக்குவது எல்லாமே தள்ளிப் பிடிக்கும் ரகம். பெல்ட் கட்டியிருக்கிற தைரியத்தில் இவற்றைச் செய்பவர்கள், கட்டாமல் செய்யாதிருப்பவர்களைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார்கள்.

டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டியில், இடுப்புவலிக்கும் காலுக்கு இறங்கும் சயாட்டிக்கா வலிக்கும் பெல்ட்டோ கோர்செட்டோ கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. அது பொதுவான இடுப்புவலிக்கு எழுதியது, ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களுக்கென்று எழுதியது அல்ல. ஆனாலும் மாதக்கணக்காகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி.

தொடர்ந்து கட்டினால் தசை வற்றிப்போகும் என்று ஊரே சொல்கிறது. ஆய்வுகள் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. முடிவுகள் முன்னுக்குப் பின்னாகவே இருக்கின்றன. நிச்சயமாக நடப்பது வேறு: பெல்ட் இல்லாமல் வாசலைத் தாண்டப் பயம். பயந்தவர் நடையைக் குறைக்கிறார், உடற்பயிற்சியைத் தொடுவதில்லை, அதனாலேயே முதுகு சீக்கிரம் சோர்ந்து வலிக்கிறது, வலிப்பதால் இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்.

டாக்டர் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில் படிப்படியாக விடுவது நல்லது. முதல் இரண்டு வாரம் நடமாடும் நேரம் முழுக்க. மூன்றாம், நான்காம் வாரம் வெளியே போகும்போது மட்டும். ஐந்தாம், ஆறாம் வாரம் பஸ், ஆட்டோ, குண்டும் குழியுமான சாலை என்றால் மட்டும். பிறகு பீரோ. பெல்ட் கழற்றும் இடத்தில் பயிற்சி நுழைய வேண்டும். ஆபரேஷன் முடிந்து 4 முதல் 6 வாரத்தில் தொடங்கும் உடற்பயிற்சித் திட்டங்கள் வலியையும் முடக்கத்தையும் விரைவாகக் குறைக்கின்றன, அதனால் மறு ஆபரேஷன் கூடியதாக ஆதாரம் இல்லை என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்கிறது. பயிற்சி செய்தால் டிஸ்க் மறுபடி பிதுங்கிவிடும் என்று பயமுறுத்தும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

வலி திரும்பிவிட்டது, பெல்ட்டை எடுக்கலாமா?

எடுப்பதற்கு முன் வலியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஸ்க் ஆபரேஷனில் முழு டிஸ்க்கையும் எடுப்பதில்லை. நரம்பை அழுத்தும் துண்டையும் உள்ளே தளர்ந்து கிடக்கும் பகுதியையும் மட்டும் எடுக்கிறார்கள். மீதி உள்ளேயே இருக்கிறது, வெளிச்சுவரில் ஓட்டையும் இருக்கிறது. ஆபரேஷன் குறிவைப்பது கால் வலியை. இடுப்பில் மந்தமான வலி, காலையில் விறைப்பு, அதிக நேரம் உட்கார்ந்தால் பிடிப்பு எல்லாம் சில வாரங்களுக்கு இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. இந்த வலிக்கு பெல்ட் கொஞ்சம் ஆறுதல் தரும்.

கால் வலி திரும்பினால் கதை வேறு. நன்றாக இருந்த சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பிறகு, அதே காலில், தும்மினால் மின்சாரம் பாய்வது போல இறங்கினால், அதே இடத்தில் டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. வெளிச்சுவரில் ஓட்டை பெரிதாக இருந்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை நோயுள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதற்கு பெல்ட் எதுவும் செய்யாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், முதுகில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதை ஸ்கேன் சென்டரில் கட்டாயம் சொல்லுங்கள். காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்தால்தான் தழும்புத் திசுவையும் புதிய பிதுக்கத்தையும் பிரித்துப் பார்க்க முடியும். தழும்பு மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும், ரத்த ஓட்டமில்லாத டிஸ்க் துண்டு நடுவில் இருட்டாக நிற்கும். ஊசிக்கு முன்னால் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை கேட்பது சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. அலர்ஜி இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். பழைய ஸ்கேன் படங்களையும் ஆபரேஷன் குறிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒப்பிட எதுவுமில்லாமல் படிக்கும் ரிப்போர்ட்டின் மதிப்பு பாதி.

எரிச்சலும் மதமதப்பும் மெதுவாக, மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வந்தால் நரம்பைச் சுற்றித் தழும்பு படர்ந்திருக்கலாம். ஆனால் ஸ்கேனில் தழும்பு தெரிகிறது என்பதற்காக வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது, வலியில்லாதவர்களுக்கும் தழும்பு இருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளில் தோல்வியுற்ற முதுகு அறுவை நோய்த்தொகுதி என்ற பொருளில் ஒரு பெயரைப் பார்த்திருப்பீர்கள். யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்ற தொனி அதில் இருப்பதால், நிலைத்த தண்டுவட வலி, வகை 2 என்று சொல்லும் வழக்கம் 2021 முதல் வந்திருக்கிறது.

நின்றால், திரும்பினால், படுக்கையிலிருந்து எழுந்தால் இடுப்பு சட்டென்று பிடித்துக்கொள்வது, பெல்ட் கட்டினால் நன்றாகக் குறைவது என்றால், ஆபரேஷன் ஆன இடத்தில் முதுகெலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பெல்ட் இங்கே நோயைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு. டாக்டரிடம் "பெல்ட் போட்டா குறையுது" என்று சொல்லுங்கள், அதற்குப் பொருள் உண்டு.

இன்னொரு வலி இருக்கிறது, இதில்தான் தப்பான பெல்ட் அதிகம் விற்கிறது. இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் மேற்பகுதியில் குழி விழும் இடத்தில், ஒரு பக்கமாக, ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி. இது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டின் வலியாக இருக்கலாம். அதற்கு எல்.எஸ். பெல்ட் மிகவும் மேலே நிற்கும். எஸ்.ஐ. பெல்ட் என்று கேட்டால் கையகல உயரத்துக்குக் குறுகலான பட்டை தருவார்கள். அது முன்பக்க இடுப்பெலும்பு முனைக்குக் கீழே, தொடை எலும்பின் வெளிமேட்டுக்கு மேலே சுற்றி வர வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு அகலமானதே பலமானது என்று நினைப்பவர்கள் ஏராளம்.

பெல்ட்டைக் கையிலேயே எடுக்கக் கூடாத நேரங்களும் உண்டு. ஆபரேஷன் முடிந்து முதல் சில நாட்கள் நன்றாக இருந்து, ஒன்று முதல் நாலு வாரத்துக்குள் இடுப்பில் கடுமையான வலி கிளம்பி, படுக்கையில் புரளவே முடியாமல், ராத்திரியில் கூடுகிறது என்றால் டிஸ்க்குக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். காய்ச்சல் இல்லாமலும் வரும், மேலே தையல் சுத்தமாக ஆறியிருக்கும்போதும் வரும். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் உடனே வேண்டும். சாதாரணமாக ஆபரேஷனால் ஏறிய சி.ஆர்.பி. இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால் சந்தேகப்பட வேண்டும். ஈ.எஸ்.ஆர். மெதுவாக இறங்குவது, அதை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம்.

சைக்கிள் சீட் படும் இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாமல் போவது, இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ இறங்குவது, செருப்பு கழன்று விழும் அளவுக்குப் பாதம் தொங்குவது: இவற்றில் எது வந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் எமர்ஜென்சிதான். காலையில் ஓ.பி.க்குப் போகலாம் என்று காத்திருந்தால் சிறுநீர்ப்பை நரம்பு திரும்பாமலே போகலாம்.

பராமரிப்பு

எல்.எஸ். பெல்ட்டில் முதலில் சாவது ஒட்டும் பட்டை. கொக்கிப் பக்கத்தில் பனியன் நூலும் முடியும் சிக்கிச் சிக்கி இரண்டு மாதத்தில் பிடிப்புப் போய்விடும். பழைய டூத் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை குறுக்கே தேய்த்து எடுங்கள். துவைக்கும்போது தகடுகளை உருவி, எது எந்தப் பக்கம் என்று மார்க்கரால் குறித்து வைத்து, ஒட்டும் பட்டைகளை மூடி, சாதாரணத் தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். வாஷிங் மெஷினும் வெயிலும் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும். எலாஸ்டிக் இழுத்தால் திரும்பாத நிலைக்கு வந்த பெல்ட்டை இன்னும் இறுக்கிக் கட்டுவதில் பிரயோஜனமில்லை. அதற்குள் உங்கள் ஆறு வாரம் முடிந்திருக்கும்.

கூடவே விற்கப்படும் மற்றவை

பெல்ட் வாங்கப் போனால், தோல் வழியாக லேசான மின்துடிப்பு கொடுத்து வலியைத் தணிக்கும் டென்ஸ் மெஷின் ஒன்றையும் எடுத்துக் காட்டுவார்கள். பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி, இரண்டு ஒயர், நாலு ஒட்டும் பேட். மேலே சொன்ன அதே நைஸ் வழிகாட்டி இதையும், முதுகை இழுத்து நீட்டும் டிராக்‌ஷனையும் இடுப்புவலிக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. ஆனால் பயன்படுத்தும் சிலருக்கு அந்த அரை மணி நேரம் வலி தணிகிறது. மாத்திரை குறைந்தால் லாபம்தான். வாங்கினால் அதிர்வெண்ணையும் துடிப்பகலத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடியதை வாங்குங்கள். 80 முதல் 100 ஹெர்ட்ஸ், சுமார் 50 முதல் 100 மைக்ரோசெகண்ட், வலுவாக ஆனால் வலிக்காமல் ஊறும் அளவுக்கு, 30 நிமிடம். பேட்டுகளைத் தழும்பின் மேல் ஒட்டாமல் இரு பக்கமும் ஒட்ட வேண்டும். புண் முழுவதும் ஆறும்வரை தொடவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மரத்த தோலில் பேட் ஒட்டினால் அளவு தெரியாமல் கூட்டிக்கொண்டே போய்த் தோல் வெந்துவிடும்.

மரத்த தோல் என்றதும் ஹாட் வாட்டர் பேக். விலை மலிவு, இதமும் உண்டு. ஆனால் இந்த ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்குக் காலின் வெளிப்பக்கமோ பாதமோ மரத்திருக்கும். அங்கே ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோய் இருந்தால் அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும். இடுப்பில் மட்டும் வைக்கலாம், தையல் ஆறிய பிறகு. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி 15, 20 நிமிடம். அதன் மேல் படுக்காமல் ஒருக்களித்துப் படுத்து வையுங்கள்.

மெத்தையில் "ஆர்த்தோ" என்று அச்சடித்திருப்பது விற்பனைச் சொல். கல் மாதிரி இருப்பதுதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கையை 2003-இல் லான்செட்டில் வந்த ஸ்பெயின் ஆய்வு அசைத்துவிட்டது. 313 பேரை வைத்துப் பார்த்ததில், நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களுக்குக் கடின மெத்தையைவிட நடுத்தரக் கடினமே மேலாக இருந்தது. குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை என்றால் மாற்றுங்கள், இல்லையென்றால் இருப்பதே போதும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குப் பாய் பிரச்சினையில்லை. தரையிலிருந்து எழுவதுதான் பிரச்சினை, முதல் சில வாரம் கட்டில் வேண்டும்.

காந்தம் வைத்த பெல்ட், தானாகச் சூடேறும் கல் பெல்ட், காற்றடித்துத் தண்டுவடத்தை நீட்டும் பெல்ட், தலைகீழாகத் தொங்கும் மேசை: பணத்தை மிச்சப்படுத்துங்கள். மசாஜ் கன் கேட்டு வாங்கிய பேரன் அன்பானவன்தான், ஆனால் அதைத் தழும்பின் மேல் ஓட்ட விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் குறைவாக விற்று, அதிகமாக உதவுவது கமோடு ரைசர். வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் இருக்கை, நாலு அங்குலம், ஆறு அங்குலம் என்று வரும். சாதாரண உயரத்துக்கு நாலு போதும், ஆறு அடிக்கு மேல் இருப்பவர்கள் ஆறு எடுக்கலாம். பக்கவாட்டில் திருகிப் பூட்டும் கிளாம்ப் இருப்பதையே வாங்குங்கள். வெறுமனே மேலே உட்காரும் ரகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நழுவும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால், நடுவில் ஓட்டையுள்ள இரும்பு கமோடு நாற்காலியை அதன் மேலேயே போடலாம், கால்களில் ரப்பர் புஷ் தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குந்தி உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் இடுப்பு முழுவதுமாக வளைகிறது, அதோடு முக்கினால் கால் வரை இழுக்கும். வலி மாத்திரைகளில் டிரமடால் இருந்தால் மலச்சிக்கல் கூடவே வரும். தண்ணீர், கீரை, வாழைப்பழம் போதவில்லையென்றால் இசப்கோல் ஒன்று இரண்டு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, கலக்கியவுடன் குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் களியாகிவிடும்.